நீல நாய் கேட்கும் கேள்வி

"ஒரு நாய்ப்படம் வேண்டும்" என்று கேட்டால் போதும். கம்ப்யூட்டர் நொடியில் வரைந்து தந்துவிடுகிறது. இனி ஓவியர்களின் பிழைப்பு என்ன ஆகும்? உலகெங்கும் இப்போது இதுதான் பேச்சு.

இந்த நேரத்தில் ஒரு நீல நாயின் கதையை அறிவது நல்லது.

தாய் கொடுத்த வர்ணம்

ஜார்ஜ் ரோட்ரிக், அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 1944-ல் பிறந்தவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. பொழுதுபோகத் தாய் வர்ணம் வாங்கிக் கொடுத்தார். அதுவே தொழிலாயிற்று. சொந்த ஊர் மரங்களையும் மக்களையும் வரைந்து வந்தார்.

பேயாக வந்த செல்ல நாய்

1984-ல் பேய்க்கதை நூல் ஒன்றுக்குப் படம் போடும் வேலை வந்தது. அதில் ஓர் ஓநாய்ப் பேய். சிறு வயதில் தாய் சொல்லிப் பயமுறுத்திய அதே பேய்!

இறந்துபோன தம் நாய் டிபானியின் போட்டோவைப் பார்த்து அதை வரைந்தார். நிலா வெளிச்சத்துக்காக நீலம் பூசினார். கண்களுக்குச் சிவப்பு.

பின்னர் கண்கள் மஞ்சளாயின. பேய் மறைந்தது, செல்ல நாய் நின்றது. 1992-ல் மதுபான விளம்பரம் ஒன்றில் வந்ததும் அதன் புகழ் பரவியது. 2013-ல் ரோட்ரிக் இறந்தார். நீல நாய் நிலைத்துவிட்டது.

எது ஆபத்து?

எந்திரம் ஆயிரம் நாய்களை வரையலாம். ஆனால் ஒரு நாயைக்கூட அது வளர்த்ததில்லை, பறிகொடுத்ததும் இல்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நீல நாய் பிறந்தது, கூலிக்குப் படம் போட்ட ஒரு வேலையில்தான். அத்தகைய வேலைகளையே எந்திரம் பறித்துக்கொண்டால், அடுத்த நீல நாய் எங்கே பிறக்கும்?