ஆஸ்போர்ன் வாயால் கெட்டாரா?

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர், "அடுத்த வெர்ஷன்ல என்ன வருதுன்னு கஸ்டமர்கிட்ட மூச்சு விடாதீங்க. ஆஸ்போர்ன் கதை தெரியும்ல?" என்றார். எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். ஆனா வீட்டுக்கு வந்தும் மனசு ஆறலை. அந்த மனுஷன் திருவண்ணாமலையில் வளர்ந்தவருங்க!

ஆடம் ஆஸ்போர்ன் 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியவர். பையனின் சின்ன வயசு திருவண்ணாமலையிலும், கொடைக்கானல் பள்ளிக்கூடத்திலும் போனது. அப்புறம் இங்கிலாந்து, அமெரிக்கா.

1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஆஸ்போர்ன் 1 வந்தது. டிசைன் லீ ஃபெல்சன்ஸ்டைன். எடை சுமார் 11 கிலோ, பார்த்தால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். 5 இன்ச் திரை, ஒரு வரிக்கு 52 எழுத்து. உள்ளே பேட்டரி கிடையாது, பிளக் பாயிண்ட் தேடணும். இதைப் போய் போர்ட்டபிள்னா சிரிப்பு வரும். ஆனா விமான சீட்டுக்கு அடியில் தள்ளிடலாம். விலை 1,795 டாலர். அதிலேயே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் எல்லாம் சேர்த்தி. வாங்கினோமா, அன்னைக்கே வேலையை ஆரம்பிச்சோமான்னு இருக்கலாம். என்னைக் கேட்டால் அவரோட உண்மையான சாதனை இதுதான். உச்சத்தில் மாசம் 10,000 பெட்டி போச்சு.

1983-ல் எக்ஸிக்யூட்டிவ் என்ற அடுத்த மாடலைப் பத்தி முன்கூட்டியே பேசினார், கடைக்காரங்க பழசை வாங்குறதை நிறுத்தினாங்க, செப்டம்பரில் கம்பெனி திவால். 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்'னு பேரே வெச்சுட்டாங்க.

பேசினது அடி கொடுத்திருக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு பாருங்க. 1982-லேயே கேப்ரோ வந்தாச்சு: அதே 1,795 டாலர், 9 இன்ச் திரை, வரிக்கு 80 எழுத்து. கடையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எதை எடுப்பீங்க? அந்த வருஷக் கடைசியில் காம்பேக் தன்னோட போர்ட்டபிளை அறிவிச்சது. ஐபிஎம் பிசிக்கு எழுதின சாஃப்ட்வேர் அதிலேயே ஓடும். ஊரே அந்தப் பக்கம் சாய ஆரம்பிச்சப்போ, புது எக்ஸிக்யூட்டிவ் 7 இன்ச் திரையோட, 2,495 டாலர் விலையில், இன்னும் சிபி/எம்மிலேயே நின்னுச்சு. வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னும் கொஞ்ச மாசம் ஓட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

எங்க பிராடக்ட்டிலும் இதே கதைதான். கஸ்டமர் ஒரு வருஷமா கேட்கிற விஷயம் அடுத்த வெர்ஷன்லயும் இல்லை. அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் ஆஸ்போர்னைத் துணைக்குக் கூப்பிடுறாங்க.

உடம்பு முடியாமல் 1992-ல் இந்தியா திரும்பினவர், 2003 மார்ச்சில் கொடைக்கானலில் இறந்துபோனார்.

அடுத்த மீட்டிங்கில் கேப்ரோ கதையைச் சொல்லலாம்னு இருக்கேன். அப்ரைசல் மட்டும் முடியட்டும் :-)