தலைக்கு மேல் எட்டு சூரியன்

முன்பெல்லாம் வீட்டில் பல்பு போனால் அது ஒரு சமாசாரமே இல்லை. தெருமுனைக் கடையில் போய் "அறுபது வாட் ஒண்ணு குடுப்பா" என்றால், கடைக்காரர் ஹோல்டரில் மாட்டி எரியவைத்துக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார். இப்போது ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதில் வடைத் தட்டு சைஸுக்கு ஓட்டைகள் போட்டு ஸ்பாட் லைட் பதித்துவிடுகிறார்கள். ஒன்று ஃப்யூஸ் போனால் குடும்பத்தில் வட்டமேஜை மாநாடு கூட்டவேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஃப்ளாட்டை விற்ற புண்ணியவான் ஹாலில் மட்டும் எட்டு பதித்திருந்தார். எட்டும் 50 வாட் ஹாலஜன். ஆக 400 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். அறுபது நாளில் 120. அதே எட்டு இடத்தில் 6 வாட் எல்.இ.டி. போட்டால் அறுபது நாளைக்கு 15 யூனிட்கூட வராது. இந்தக் கணக்கைச் சொன்னதும் வீட்டில் எனக்கு திடீர் மரியாதை!

ஆனால் என்னைப் பயமுறுத்தியது கரன்ட் பில் இல்லை. மேலே இருந்த ஒரு பல்பை இறக்கிப் பார்த்தபோது, பின்னால் வந்த ஒயரின் பிளாஸ்டிக், பொரித்த அப்பளம் மாதிரி பழுத்து உதிர்ந்தது. ஹாலஜன் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு உஷ்ணமாகத்தான் போகிறது. மேலே தூசி, பிளைவுட், சீலிங் போட்டவர் விட்டுவிட்டுப் போன தெர்மகோல் துண்டு. தலைக்கு மேல் ஒரு ஹோமகுண்டத்தை வைத்துக்கொண்டு கீழே சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எலெக்ட்ரீஷியன் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி எறிஞ்சுட்டு டைரக்டா குடுத்துடலாம் சார். அஞ்சு நிமிஷ வேலை!"

இங்கேதான் ஜாக்கிரதை தேவை. இறக்கின பல்பைத் திருப்பி முதுகைப் பாருங்கள். ஊசி மாதிரி மெல்லிசாக இரண்டு கால், நடுவே 5.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது பெரும்பாலும் 12 வோல்ட் ஜாதி, எம்.ஆர்.16 என்பார்கள். அதற்கு டைரக்டாக 230 வோல்ட் கொடுத்தால் தீபாவளிதான். குட்டையாக, நுனியில் குமிழ் வைத்த தடிக் கால்கள், 10 மில்லிமீட்டர் இடைவெளி, அழுத்தித் திருகினால் பூட்டிக்கொள்ளும் என்றால் அது ஜி.யு.10. நேராக 230 வோல்ட் குடிக்கும். கடைக்குப் பழைய பல்பையே கையில் எடுத்துக்கொண்டு போவது உத்தமம். 'உருண்டையா, சின்னதா இருக்கும்' என்று வர்ணித்தால் பத்து தினுசு எடுத்துக் காட்டுவார்கள்.

சரி, 12 வோல்ட் ஹாலஜனைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எல்.இ.டி.யை மாட்டினால் முடிந்ததா? அதுதான் இல்லை. பழைய எலெக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் '20–60 வாட்' என்கிற மாதிரி அச்சிட்டிருப்பார்கள். குறைந்தது 20 வாட்டாவது இழுத்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்று அர்த்தம். 6 வாட் எல்.இ.டி. போட்டால் பல்பு கண்ணடிக்கும், அல்லது எரியவே எரியாது. பல்பு மட்டமென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். பாவம், அவர் என்ன செய்வார். ஒன்று, எல்.இ.டி.க்கான டிரைவராக மாற்ற வேண்டும். அல்லது டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, பீங்கான் ஹோல்டரோடு ஜி.யு.10-க்கு மாறிவிட வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். பல்பு போனால் பல்பு மட்டும்தானே வாங்கவேண்டும்!

"அதைத்தானே சார் நானும் சொன்னேன்" என்றார் எலெக்ட்ரீஷியன். ஹோல்டரை மாற்றுவதைப் பற்றி அவர் மூச்சே விட்டிருக்கவில்லை! ஆனால் ஏணியில் நிற்கிறவரிடம் தர்க்கம் பண்ணக்கூடாது. இரண்டே இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஒயரை முறுக்கி டேப் சுற்றக்கூடாது, கனெக்டர் போட்டு டப்பாவுக்குள் வைக்கவேண்டும். இரண்டாவது, 12 வோல்ட் இருந்த இடத்துக்கு 230 வருவதால், உலோக வளையத்துக்கு எர்த் கட்டாயம். கருகின ஒயரையும் மாற்றச் சொன்னேன். அவருடைய ஐந்து நிமிஷம் அரைநாள் ஆயிற்று.

எதிர் ஃப்ளாட் மாமாவுக்கு வேறு பிரச்னை. சுவிட்சை அணைத்தபிறகும் அவர் வீட்டு எல்.இ.டி. மின்மினி மாதிரி மினுக்குகிறதாம். மாமி திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாள். சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி ஆகும்; அதில் ஆபத்தில்லை. ஆனால் மாமா வீட்டில் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தார்கள். அதாவது விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரன்ட்! அதனால்தான் சொல்கிறேன்: பல்பு மாற்றுமுன் சுவிட்சை நம்பாதீர்கள், மெயினை இறக்குங்கள். ஹாலஜன் ஆறக் கால் மணியாவது விடுங்கள். சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலியில் ஏறி நிற்காதீர்கள்.

வாங்கும்போது வாட்டைவிட லூமெனைப் பாருங்கள், அதுதான் வெளிச்சத்தின் அளவு. 50 வாட் ஹாலஜன் ஸ்பாட்டுக்கு 400 லூமென் பக்கம் இருந்தால் சரி. ஜி.யு.10 பல்பின்மேல் ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். பிளாட்பாரத்தில் பாதி விலைக்குக் கிடைப்பதில் அது இருக்காது. ரெகுலேட்டர் போல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால், அட்டைப் பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்டதைத்தான் வாங்கவேண்டும்.

கடைசியில் கலர் சண்டை. 3000 கெல்வின் என்றால் மஞ்சள், 6500 என்றால் வெள்ளை. எண் ஏற ஏற வெளிச்சம் குளிர்ச்சியாகிறது. எங்கள் அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. வெள்ளையில் சாம்பார் நீலம் பாரித்துத் தெரிகிறது என்பது மனைவியின் கட்சி. மஞ்சளில் பேப்பர் படிக்க முடியவில்லை என்பது அப்பாவின் கட்சி. 4000 என்று நடுவாந்திரமாக ஒன்று உண்டு. அதில் எட்டுக்கு ஒன்பதாக, ஒரே கம்பெனியில் வாங்கினேன். பிறகு ஒன்று போனால் அதே நிறம் கிடைப்பது சந்தேகம். ஒன்பதாவது, இரண்டு வருஷ கியாரண்டி பில்லோடு பீரோவில் இருக்கிறது.