எக்ஸெலுக்கு ஜாக்கி தெரியாது

கணிப்பொறி வாங்கிய புதிதில் பலரும் என்னிடம் கேட்பது, "வீட்டுக்கு எக்ஸெல் எதற்கு சார்?" என்பதுதான். மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த முறை வேறு கணக்கு.

செவிலிமேட்டில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், பழைய அம்பாசிடர் ஒன்றை டிராக் ரேஸுக்குத் தயார் செய்கிறார். நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம். (1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வந்ததிலிருந்து நம் பக்கத்து இளைஞர்களுக்கு இந்த ஆசை!) வேகம் ஏறினால் வண்டி அதிர்ந்தது. இரண்டு முறை கிராஸ் மாற்றியும் பயனில்லை. "நீதான் என்ஜினீயர் ஆச்சே, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருப்பா" என்றார்.

என்ஜின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். நடுவே ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட். சாய்வாகச் சுற்றும் ஜாயிண்டில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். எவ்வளவு? 1-ஐ 10 டிகிரியின் காஸ் மதிப்பால் வகுத்துப் பாருங்கள்: 1.015. அதாவது ஒன்றரை சதவீதம் கூடுகிறது. 3 டிகிரி என்றால் 0.14 சதவீதம்தான். காஸ் ஃபங்ஷனுக்குள் நேராக 10 என்று அடித்துவிடாதீர்கள், மைனஸ் 0.839 வரும். எக்ஸெல் அதை ரேடியன் என்று எடுத்துக்கொள்ளும். முதலில் ரேடியன்ஸ் ஃபங்ஷனால் மாற்றுங்கள்.

கியர்பாக்ஸ் முனையும் பின் ஆக்ஸிலின் பினியனும் இணையாக இருந்தால், முன் ஜாயிண்டின் ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்டும். என் கணக்கில் எல்லாம் சரியாக வந்தது. வண்டி மட்டும் அதிர்ந்தது!

அளந்தபோது வண்டி ஜாக்கி மேல் இருந்தது, ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் இறக்கி, சீட்டில் ஆளை உட்காரவைத்து அளந்தால் பினியன் மூக்கு மேலே பார்த்தது. கமான் பட்டை வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது இன்னும் மேலே எழும்பும். அதனால் நிற்கும்போதே சில டிகிரி கீழே பார்க்கும்படி, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைக்க வேண்டும்.

எக்ஸெல் மேல் பழியில்லை. தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் தெரிந்தால் கும்பிட்டுவிடுகிறோமே, அதுதான் என் கோபம். எங்கள் கோணமானி ஒரு டிகிரிக்குக் குறைந்து காட்டாது! எந்தக் கணக்கிலும் எண்களுக்குப் பக்கத்தில், 'எப்படி அளந்தது' என்று ஒரு காலம் சேர்த்துவிடுங்கள்.

ஆப்பு தயார். ஷாஃப்ட் அறுந்தால் தரையில் குத்தாதபடி அடியில் இரும்பு வளையம் மாட்டிய பிறகுதான் ஓட்டம் என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.