கையில் எண்ணெய் படிதல் இழுக்கன்று

விழா மலரொன்றிலே பழைய மோட்டார்ச் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைக்கலாம். கல்லூரியின் கீர்த்தியையும் ஆசிரியப் பெருமக்களின் தொண்டினையும் எழுதுதற்குப் பலர் உளர். யாம் எழுதுவது நம் கல்வியிலே விடுபட்டுப்போன ஒரு பாடத்தைப் பற்றியே. அதனை எமக்குக் கற்பித்தது வகுப்பறையன்று. மயிலிட்டியில் எம் வீட்டுப் பூவரச நிழலில் நின்ற பி.எஸ்.ஏ. பி 31 என்னும் மோட்டார்ச் சைக்கிள்.

அவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் 1861 இல் ஒன்றுகூடி நிறுவிய பி.எஸ்.ஏ. நிறுவனம் பிற்காலத்தில் மோட்டார்ச் சைக்கிளும் செய்தது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் இலச்சினை. பி 31 வகை 1945 முதல் 1959 வரை செய்யப்பட்டது. ஒரே சிலிண்டர், 348 சி.சி. எம் தந்தையார் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். 1990 ஜூன் மாதத்தில் போர் காரணமாக மயிலிட்டி மக்கள் ஊரை விட்டகன்றபோது, எம் அன்னையாரையும் ஓர் அரிசிப் பையையும் சுமந்து மல்லாகம் வந்து சேர்ந்தது அவ்வண்டியே. துப்பாக்கிக்கு அஞ்சி ஓடினோரைத் துப்பாக்கி இலச்சினை தாங்கிய வண்டி காத்தது விந்தையன்றோ!

மயிலிட்டியில் இரும்புப் பொருள் வைத்திருப்போர்க்குக் கடலே முதற் பகை. வாடை வீசும் மாதங்களில் உப்புக் காற்றானது செயினிலே விரைந்து துருவை ஏற்றிவிடும். செப்புக் கம்பி பொருந்துமிடங்களில் பச்சை பூக்கும். ஆதலின் ஞாயிறுதோறும் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவி எண்ணெயிட வேண்டும். கம்பி முனைகளைச் சுரண்டித் துடைக்க வேண்டும். மக்னெற்றோவிலுள்ள பொயின்ற் திறக்குமிடத்து, இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இருத்தல் வேண்டும். அளவு பிழைத்தால் தீப்பொறியும் பிழைக்கும். ஆங்கிலேயர் அளவில் அமைந்த அதன் நட்டுகளுக்கு யப்பான் வண்டியின் மில்லிமீற்றர் ஸ்பனர் பொருந்தாது. பொருந்தாததை வைத்து முறுக்கினால் நட்டின் முனை மழுங்கும். ஒருநாள் யாம் அவ்வாறு முறுக்கக் கண்ட எம் தந்தையார், “பலத்தால் ஆகாதது அளவால் ஆகும்” என்று மட்டும் சொல்லி, ஸ்பனரை எம் கையிலிருந்து வாங்கி வைத்தார். அதனினும் பெரிய பாடத்தை யாம் எந்நூலிலும் கற்றிலேம்.

இவ்வறிவின் பயன் பொருளாதாரத் தடைக் காலத்திலேதான் முழுதும் விளங்கிற்று. 1990 இன் பின்னர்ப் பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டிற்கு வருதல் தடுக்கப்பட்டது. மக்னெற்றோ தீப்பொறியைத் தானே பிறப்பிப்பதாதலின், எம் வண்டி பற்றரியின்றியே இயங்கிற்று. பெற்றோலுக்கு ஈடாக மண்ணெண்ணெய் வந்தது. குளிர்ந்த எஞ்சினில் அது எளிதில் ஆவியாகாது. ஆதலின் காபரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும்; ரிங் தேயும்; பிஸ்ரன் தலையிற் கரி படியும். எனவே ஒயிலை அடிக்கடி மாற்றுதலும், சிலிண்டரின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டுதலும் வீட்டு வேலைகளாயின. தடையை யாம் புகழ்கின்றோமல்லோம். அது எஞ்சின்களை மட்டுமன்றி மனிதரையும் தேய்த்தது.

அந்நாளில் குடாநாட்டு வண்டிகளை ஓட வைத்தோர் யாவர்? பட்டம் பெற்ற நாம் அல்லோம். பள்ளியை இடையில் விட்டுக் கராச்சிலே தொழில் பயின்ற இளைஞரும், வள்ளத்து எஞ்சினைத் தாமே கழற்றிப் பூட்டிப் பழகிய மீன்பிடித் தொழிலாளருமே அவர்கள். நம் சமூகமோ உத்தியோகத்தையே கல்வியின் பயனெனக் கருதி, எண்ணெய் படிந்த கையைத் தாழ்வாக நோக்கிற்று. விஞ்ஞான வகுப்பில் நாலடிப்பு எஞ்சினின் படத்தை வரைந்து முழுப் புள்ளியும் பெற்ற நம்மவர், வீதியிலே வண்டி நின்றுவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க அறியாது தள்ளிச் சென்றனர். யாமும் ஒருகால் அவ்வாறு தள்ளியவரே.

புதிய வண்டி இருக்க இத்தொல்லை எதற்கு என்பாரும் உளர். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதையும், 2022 இல் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகளிற் காத்து நின்றதையும் அவர்கள் அதற்குள் மறந்தனரோ? பழையன யாவும் போற்றத்தக்கன என்பது எம் கருத்தன்று. தேய்ந்த பிறேக்கோடும் வெடித்த ரயரோடும் ஓட்டுதல் சிக்கனமன்று, அறியாமை. தானே செய்யத்தக்கது எது, தேர்ந்தவரிடம் விடத்தக்கது எது எனப் பகுத்தறிதலும் அவ்வித்தையின் ஒரு கூறேயாம்.

2017 ஜூலை 3 ஆம் நாள், மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் 27 ஆண்டுகளின் பின் விடுவிக்கப்பட்டன. ஊர் திரும்பிய யாம் வீட்டைக் காணவில்லை, பூவரசையும் காணவில்லை. எம்மைச் சுமந்து சென்ற வண்டி மட்டும் எம்மோடு திரும்பிற்று. வீட்டை இழந்தோம், கற்ற வித்தையை எவரும் பறித்திலர். ஆனால் எவரும் பறியாமலே அதுவும் போய்விடக்கூடும். 1990 இல் முப்பது வயதினராய் இருந்தோரின் கைகள் இன்று நடுங்கத் தொடங்கிவிட்டன.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழாவின் நினைவாகக் கல்வெட்டொன்று நாட்டுவதோடு அமையாது, கல்லூரி வளவிலே சிறு பணியறை ஒன்றையும் திறவுங்கள். எம் வண்டியை அதற்கு மனமுவந்து அளிப்போம். மாணவர் ஆண்டுதோறும் அதனை ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டட்டும். கல்லூரி வாயிலையே மிதித்தறியாத கராச் முதியவர் ஒருவரை அழைத்து, மாலையிட்டு, அவரை அங்கே முதலாசிரியராக அமர்த்துங்கள். அவர் சொல்வனவற்றை மாணவர் எழுதி அடுத்த மலரிலே வெளியிடட்டும். அம்மலரின் தாள்களிற் சிறிது எண்ணெய்க் கறை படிந்திருக்குமாயின், அது நம் கல்லூரிக்கு அணியேயன்றி இழுக்கன்று.