விளையாடுவோர் கடன்

விழா மலருக்கு எழுதப் புகுவோர் கல்லூரியின் பழம் பெருமையை எடுத்தோதுதல் மரபு. அம்மரபினை நாம் மதிக்கின்றோம். எனினும், இன்று நம் மாணவர் பலருடைய மாலைப் பொழுதைத் தன்பால் ஈர்த்து நிற்கும் ஒன்றைக் குறித்துச் சில கூறுதல் இம்மலருக்குப் பொருந்துவதே எனக் கருதுகின்றோம். அஃது இணைய உலாவியில் ஆடப்பெறும் விளையாட்டு. இதனைக் கேட்டதும் பெரியோர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். பிள்ளைகள் இவற்றை ஆடலாமா, ஆடலாகாதா என்னும் வழக்கை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அதனைப் பட்டிமன்றத்தாருக்கு விட்டுவிடுகின்றோம். ஆடுகின்றவர், தாம் ஆடும் விளையாட்டை ஆக்கியவருக்குச் செய்ய வேண்டிய கடன் ஒன்று உண்டா என்பதே நம் வினா. உண்டு என்பதும், அதனை நம்மவர் செய்வதில்லை என்பதும், அதனால் வரும் இழப்பு நமக்கே என்பதும் நம் கருத்து.

கணினி விளையாட்டுகளில் இரு வகை உள. பெரு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரை வேலைக்கமர்த்தி ஆக்கி விற்பன ஒரு வகை. ஒருவரோ இருவரோ தம் ஓய்வு வேளையில், பெரும்பாலும் ஊதியம் நோக்காது, ஆக்கி இணையத்தில் வைப்பன மற்றொரு வகை. பின்னவற்றுட் பல, உலாவியைத் திறந்த மாத்திரத்தே ஆடத்தக்கவை. தனியாக எதனையும் இறக்கி நிறுவ வேண்டுவதில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. அண்ணனுடைய பழைய கைத்தொலைபேசியில், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிட்டு ஆடும் தோட்டப் பிள்ளைக்கு வாய்ப்பானவை இவையே. பெரு நிறுவனங்கள் தம் விளையாட்டை வெளியிடுமுன் ஆடிப் பார்த்துக் குறை கூறுதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்கின்றன. தனியாக ஆக்குபவருக்கு அத்தகையோர் இலர். அவருக்கு வாய்த்த சோதனையாளர் நாமே. தம் விளையாட்டை அவர் பன்னூறு முறை ஆடியிருப்பார். ஆதலினாலேயே புதிதாய் வருபவர் எங்கே தடுமாறுவர் என்பது அவர் கண்ணுக்குப் புலப்படாது. வாயிற்படி உயரம் என்பதை வீட்டைக் கட்டியவர் அறியார்; வந்த விருந்தினர் கால் இடறிய பின்பே அறிவார்.

ஆடுவோர் துணையால் விளையாட்டு வளர்ந்தமைக்கு அண்மைக் காலச் சான்று ஒன்று காட்டுவோம். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் 'வேர்டில்' என்னும் விளையாட்டைப் பலர் அறிவர். நியூயோர்க்கில் வாழ்ந்த ஜோஷ் வார்டில் என்னும் மென்பொருளாளர் தம் துணைவியாரான பலக் ஷாவுக்காக அதனை ஆக்கினார். ஆங்கிலத்திலுள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000. அவற்றுட் பல, பொதுமக்கள் கேட்டறியாதவை. பலக் ஷா அவற்றை ஒவ்வொன்றாய் நோக்கி, தாம் அறிந்தது, அறியாதது எனப் பிரித்துக் கொடுக்க, விடையாக வரத்தக்கவை ஏறத்தாழ 2,500 ஆகச் சுருங்கின. 2021 ஒக்டோபரில் அவ்விளையாட்டுப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. நவம்பர் முதலாந் திகதி அதனை ஆடியோர் 90 பேர்; இரண்டு மாதங்களின் பின் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். இடையில், நியூசிலாந்தில் ஆடியோர் சிலர், விடையை வெளியிடாமலே தாம் அதனைக் கண்ட வழியை நிறச் சதுரங்களால் அமைத்து நண்பர்க்கு அனுப்பி வந்தனர். வார்டில் அதனைக் கண்டு, அச்சதுரங்களை விளையாட்டே ஆக்கிக் கொடுக்குமாறு செய்தார். அவை ஊரெங்கும் பரவின. விளையாட்டும் உடன் பரவிற்று. 2022 ஜனவரி இறுதியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அதனை விலைக்கு வாங்கிற்று. ஆக்கியவர் ஒருவரே, ஆயினும் ஆடியோர் கை அதிற் படாத இடம் அரிது.

இத்தாலியரான கப்ரியேலே சிருல்லி தம் 19ஆம் வயதில், 2014 மார்ச்சில், ஒரு வார இறுதியில் ஆக்கிய '2048' என்னும் எண் விளையாட்டும் இத்தகையதே. அதன் நிரலை அவர் யாவரும் காணத் திறந்து வைத்தார். பெற்ற உயர்ந்த புள்ளியை நினைவில் இருத்தும் பகுதியையும், கைத்தொலைபேசியில் விரலால் தள்ளி ஆடுதற்குரிய பகுதியையும் எழுதி உதவியோர் பிறர்.

இனி, நம்மவர் வழக்கத்தை நோக்குவோம். நம் மாணவர் ஒருவர் தாம் ஆக்கிய விளையாட்டை நண்பர்க்கு அனுப்புகின்றார் என்க. வரும் மறுமொழிகள் மூன்று வகையின. 'சூப்பர்' என்பது ஒன்று. 'வேஸ்ட்' என்பது மற்றொன்று. மூன்றாவது, எல்லாவற்றினும் பெருவழக்கினதான மௌனம். முதலாவது அன்பினாற் பிறந்ததே. எனினும் அச்சொல்லை வைத்துக்கொண்டு ஆக்கியவர் மறுநாள் எதனைத் திருத்துவார்? இரண்டாவது சொல்லும் எதனையும் திருத்த உதவாது. புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் அவரை நின்ற இடத்திலேயே நிறுத்திச் செல்கின்றனர். மௌனமோ அவரை அம்முயற்சியினின்றும் விலக்கியே விடுகின்றது. முதல் விளையாட்டு எவருக்கும் குறையுடையதாகவே அமையும். இரண்டாவது விளையாட்டு உண்டாகுமா என்பது, முதலாவதைப் பற்றி யாரேனும் பொருளுள்ள சொல் ஒன்று சொன்னார்களா என்பதைப் பொறுத்தது.

பொருளுள்ள சொல் எத்தகையது என அறியப் பிற நாடுகளுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் மலைகள் அதனை நெடுங்காலமாக அறியும். தோட்டத்துத் தொழிற்சாலையில் ஆன தூளின் மாதிரி கொழும்புக்குப் போகின்றது. 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்திற்கு விடப்படுமுன், தரகு நிறுவனத்துச் சுவைஞர் அதனைச் சுவைத்துப் பார்க்கின்றார். தூளின் தோற்றம், ஊறிய இலையின் நிறம், வடிநீரின் சுவை என ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்குகின்றார். 'நன்று' 'தீது' என்னும் அளவில் அவர் நின்றுவிடுவதில்லை. சூடு மிஞ்சிய மணம் வருகின்றது என்பார். சாயம் உண்டு, உயிர்ப்பு இல்லை என்பார். அவர் சொல்லைக் கேட்ட டீமேக்கர், உலர்த்தும் பொறியின் வெப்பத்தையோ, அரைத்த கொழுந்து பரப்பிக் கிடந்த நேரத்தையோ சென்று பார்க்கின்றார். சுவைஞர் தொழிற்சாலைக்கு வந்து பொறியைத் திருப்புவதில்லை. டீமேக்கரும் 'என் தேயிலையைப் பழித்தாயோ' எனச் சினப்பதில்லை. நாவில் உணர்ந்ததை ஒருவர் உள்ளபடி சொல்ல, காரணத்தை மற்றவர் தேடிக் காண்கின்றார். விளையாடுவோர் செய்ய வேண்டுவதும் இதுவே.

எடுத்துக்காட்டாக, 'விளையாட்டு மிகக் கடினம்' என ஒருவர் எழுதுகின்றார். மற்றொருவர் எழுதுவது வருமாறு என வைத்துக்கொள்வோம்: 'மூன்றாம் கட்டத்துப் பாலத்தில் ஏழு முறை விழுந்தேன். பாலம் உடையப்போகின்றது என்பதற்கு அடையாளம் எதுவும் காணவில்லை. எட்டாம் முறை ஆடாது விட்டுவிட்டேன். ஆடியது கைத்தொலைபேசியில், குரோம் உலாவியில். முதற் கட்டத்தில் அருவியின் ஓசை கேட்டபோது மகிழ்ந்தேன். அதனை மாற்ற வேண்டா.' இரண்டாமவர் அறிஞரல்லர். நிரல் எழுதவும் அறியார். ஆயினும் எங்கே, எத்தனை முறை, எக்கருவியில், எதனை எதிர்பார்த்து எது நிகழ்ந்தது, எவ்விடத்தில் மனம் தளர்ந்தது, எது பிடித்தது என்னும் அனைத்தும் அதில் உள. அதனைப் படித்த ஆக்குநர் அன்றிரவே பாலத்தை நோக்குவார். பாலத்தில் ஒரு கீறல் வரைவதா, அதனை மெல்ல ஆட வைப்பதா, அன்றி ஓசையால் உணர்த்துவதா என்பது அவர் தெரிவு. 'பாலத்தை நீக்கிவிடும்' எனக் கட்டளையிடுதல் நம் வேலையன்று. நமக்கு ஒரு வழி தோன்றினாற் சொல்லலாம்; ஆனால் நோயைச் சொல்லாது மருந்தை மட்டும் சொல்பவர் மருத்துவருக்கு உதவுபவராகார்.

நல்லவற்றையும் கூறுதல் முகத்துதியன்று. நூலுக்குரிய குற்றங்களைப் பத்தென எண்ணிய நன்னூலார், அழகுகளையும் பத்தென எண்ணி அருகே வைத்தார். எது நன்றாய் அமைந்தது என அறியாத ஆக்குநர், குறையைக் களையப் புகுந்து நிறைவையும் களைந்துவிடுதல் உண்டு. அவையோர் வினவ, ஆசிரியர் விடை கூறி, நூல் அரங்கேறிய மரபினர் நாம். வினவுதல் பகைமையன்று என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நிற்க. தமிழில் ஆக்கப்படும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை இக்கடன் இன்னும் கனமானது. ஏனெனில் அவற்றின் குறையை நம்மையன்றி வேறெவரும் சொல்ல இயலாது. 'கொழுந்து' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? நான்கு என முதலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கணினியோ அதனை எட்டுக் குறியீடுகளாகச் சேமித்து வைத்திருக்கின்றது. மெய்யெழுத்தின் புள்ளியும், உகரக் குறியும், ஒகரக் குறியும் அதற்குத் தனித்தனியே எண்ணப்படுவன. இதனைக் கருதாது ஆக்கிய சொல்விளையாட்டு, நான்கு கட்டம் காட்ட வேண்டிய இடத்தில் எட்டுக் கட்டம் காட்டும். அன்றேல் எழுத்தையும் குறியையும் பிரித்துத் தனித்தனியே நிறுத்தும். 247 எழுத்துக்களையும் பிழையின்றிக் காட்டுகின்றதா என்பதைத் தமிழ் வாசிப்போரே ஆடிப் பார்த்துச் சொல்லல் வேண்டும். சொற்களின் நிலையும் அதுவே. சென்னையில் தொகுத்த சொற்பட்டியலில் 'பாண்' இல்லாதிருக்கலாம். 'லயம்' என்பது இசைக்குரிய பொருளில் மட்டுமே இருக்கலாம். 'இச்சொல்லை விளையாட்டு ஏற்கவில்லை. இலங்கையில் இது நாடோறும் வழங்கும் சொல். பொருள் இது' என இரண்டு வரி எழுதினால், அடுத்த மாதம் அச்சொல் அங்கே இருக்கும். எழுதாவிடின், நம் பிள்ளைகள் தம் வீட்டுச் சொல்லைத் தட்டெழுதிப் 'பிழை' என்ற விடையைக் கண்டு, பிழை தம்முடையதே என எண்ணி வளர்வர். இஃது விளையாட்டான செய்தியன்று.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவனவும் உள. 'இலவசமாகத் தந்ததைக் குறை கூறலாமா?' என்பர். பொருள் பெறாது உழைத்தவருக்கு நாம் திருப்பித் தரக்கூடியது நம் கவனம் ஒன்றே. அதனையும் மறுத்தல் நன்றியாகாது. 'இளைஞர் மனம் புண்படுமே' என்பர். மனத்தைப் புண்படுத்துவது ஆளைக் குறித்த சொல். பாலத்தைக் குறித்த சொல் அன்று. 'உமக்கு இது வராது' என்பதற்கும், 'இவ்விடத்தில் எழுத்துச் சிறிதாயிருந்ததாற் படிக்க இயலவில்லை' என்பதற்கும் உள்ள வேற்றுமையை யாவரும் உணர்வர். 'எமக்கு இதில் அறிவில்லையே' என்பர் முதியோர். அறியாதவர் கண்ணே இங்கு வேண்டப்படுவது. மூக்குக்கண்ணாடி அணிந்த தாத்தா ஒருவரும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஒருவரும் ஆடிப் பார்த்துச் சொல்வதை எந்த வல்லுநராலும் கற்பனை செய்து எழுத முடியாது.

நம் ஊரில் இது வெறும் பேச்சன்று. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்வோர் நிரலாக்கமும் வலைப்பக்கம் அமைத்தலும் கற்கின்றனர். விளையாட்டு ஆக்குதற்குரிய கருவிகள் அவையே. அயலில் பெலிகுல்ஓயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகம் கணினிக் கல்வி தருகின்றது. டொரன்டோ நகரில் ஒரு சிறு குழுவினர், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் அடுப்படியைக் கதைக்களமாக்கி 2023இல் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டு, மறு ஆண்டில் பிரித்தானியாவின் பாஃப்டா விருது பெற்றது. அஃது உலாவி விளையாட்டன்று. எனினும் தமிழ் வீட்டின் கதையை உலகம் ஆட விரும்பும் என்பதற்கு அது சான்று. கொழுந்துக் கூடையும், பனி மூடிய மலைப்பாதையும், லயத்து வாழ்வும் நம் பிள்ளைகள் கையால் அவ்வாறு உருப்பெறல் வேண்டும். பிறர் ஆக்கினால் அது நம்மைப் பார்த்து வரைந்த படமாகவே இருக்கும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒன்று முன்வைக்கின்றோம். 2002ஆம் ஆண்டு தொடங்கிய 'லூடும் டேர்' என்னும் விளையாட்டாக்கப் போட்டியில், பங்குபற்றுவோரே ஒருவர் ஆக்கியதை மற்றவர் ஆடி, சுவை, புதுமை, ஓவியம், ஓசை முதலியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பிட்டுக் கருத்தெழுதுவர். அம்முறையை நாமும் கைக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு நாள், மாணவர் ஆக்கிய விளையாட்டுகளைக் கணினிக் கூடத்தில் வைத்து, ஆசிரியரும் பெற்றோரும் கீழ் வகுப்பு மாணவரும் ஆடுக. ஆக்கியவர் வாய் திறவாது அருகிருந்து நோக்குக. எவ்விடத்தில் ஆடுபவர் கை தயங்குகின்றது என்பதைக் குறித்துக்கொள்க. கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் பழைய மாணவர், தாம் இருந்த இடத்திலிருந்தே ஆடி, அரைப் பக்கம் எழுதி அனுப்புக. கட்டட நிதிக்குப் பொருள் கேட்டு எழுதும் சங்கம், ஒருமுறை அவர்தம் அரை மணி நேரத்தையும் கேட்கட்டும்.

மாணவ அன்பர்களுக்கு இறுதியாக ஒன்று. அடுத்த முறை நீவிர் ஆடிய விளையாட்டு, முகமறியாத ஒருவர் தம் ஓய்வை ஈந்து ஆக்கியதாயின், உலாவியை மூடுமுன் மூன்று வரி எழுதுக: எங்கே நின்றீர், என்ன நிகழ்ந்தது, எது பிடித்தது. தமிழ் அறிந்தவராயின் தமிழில் எழுதுக. அல்லராயின் எளிய ஆங்கிலம் போதும், அதற்கு உதவ ஆசிரியர் உளர். பிறர் ஆக்கியதைக் கூர்ந்து நோக்கி எழுதிப் பழகியவரே, தாம் ஆக்கும் காலத்தில் பிறர் சொல்லைச் செவிமடுக்கவும் வல்லராவர். அத்தகையோர் நம் கல்லூரியிலிருந்து தோன்றுக என வாழ்த்துகின்றோம்.