நடுவீதி தேருக்கே உரியது

விழா மலரென்றாற் கல்லூரியின் பழம்பெருமையையும் ஆசிரியப் பெருந்தகையோரின் தொண்டினையும் எடுத்துரைப்பது மரபு. அம்மரபினைச் செவ்வனே நிறைவேற்றும் கட்டுரைகள் இம்மலரிற் பல உள. யாமோ, சிறிதென்று பலராலும் ஒதுக்கப்படும் ஒரு பொருளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். அது வீதியில் வண்டி செலுத்துவோர் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய ஒழுக்கமும் மரியாதையும் ஆகும். இவ்விழாவுக்கு வரும் பழைய மாணவர் யாவரும் வீதி வழியே வந்து வீதி வழியே மீள வேண்டியவர். இன்றைய மாணவரோ நாள்தோறும் அவ்வீதியின் ஓரமாகவே நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் கல்லூரிக்கு வருகின்றனர். ஆதலின் இப்பொருள் இம்மலருக்குப் புறம்பானதன்று.

பேலியகொடையிலே தொடங்கிப் புத்தளத்தில் முடியும் ஏ-3 நெடுஞ்சாலையில், சிலாபத்துக்கு வடக்கேயுள்ள பகுதி ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமுடையது. பங்கதெனியா, பத்துளு ஓயா, முந்தல், மதுரங்குளி, பாலாவி என்னும் ஊர்களைத் தொடுத்துச் செல்வது அவ்வீதி. அதன் பெரும்பகுதியிற் போவதற்கு ஒரு நிரை, வருவதற்கு ஒரு நிரை, அவ்வளவே. அந்த ஒற்றை நிரையிலேதான் அநுராதபுரம் செல்லும் பஸ் வண்டியும், உப்பும் சீமெந்தும் ஏற்றிய லொறியும், கற்பிட்டி மரக்கறி ஏற்றிய வாகனமும், சுற்றுலாப் பயணிகளின் வேனும், வலையேற்றிய உழவு இயந்திரமும், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளும், முச்சக்கர வண்டியும், பாடசாலைப் பிள்ளையின் துவிச்சக்கர வண்டியும் செல்ல வேண்டும். புத்தளத்தையும் கற்பிட்டியையும் அணுகினால், எவர்க்கும் அஞ்சாது வீதியில் நிற்கும் கழுதைகளையும் இக்கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வேகத்தால் வேறுபட்ட இத்தனையும் ஒரே வழியிற் செல்லும்போது, ஒன்றையொன்று மதியாவிடின் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடயத்தில் நம்மிடையே இரு கட்சிகள் உள. “வீதியை மறித்துக்கொண்டு ஊர்ந்து செல்பவராலேயே எல்லா இடரும் விளைகின்றன” என்பது ஒரு கட்சி. “மெல்லச் செல்பவனே நல்லவன், கேடெல்லாம் விரைபவனாலேயே” என்பது மற்றைய கட்சி. இரண்டும் பாதி உண்மையே என்பது எமது கருத்து.

முதலில் விரைவை நோக்குவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் வீதி விபத்துகளில் மாண்டோர் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். இலங்கையில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு உயிரிழக்கின்றனர். வாகனங்களின் சராசரி வேகம் நூற்றுக்கு 1 பங்கு கூடினால், உயிர்போக்கும் விபத்து நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 4 பங்கு கூடுகின்றது என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. ஆகவே, மெல்லச் செல்பவரைக் குறைகூறும் போர்வையில் விரைவுக்கு வாதாட யாம் வரவில்லை.

ஆயினும் மெதுவாகச் செல்லுதல் ஒன்றே ஒழுக்கமாகிவிடாது. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட சட்டமொன்று, இயந்திர வண்டிகள் ஊர்ப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் நகரத்தில் 2 மைலுக்கும் மேற்படலாகாது என விதித்து, வண்டிக்கு முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவும் பணித்தது. 1896இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. வேகத்தை அடக்குவதொன்றே வீதியை ஆளுதலாகாது என்பதனை அந்நாட்டார் முப்பதாண்டிற் கண்டனர். அமெரிக்காவிலே டேவிட் சாலமன் என்பவர் 1964இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, மற்றையோரின் சராசரி வேகத்தை விட மிக விரைந்து செல்வோர் மட்டுமன்றி, மிகத் தாழ்ந்து செல்வோரும் விபத்திற் கூடுதலாகச் சிக்குகின்றனர் எனக் கண்டார். திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்த வண்டிகளும் அக்கணக்கிற் சேர்ந்திருந்தமையைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டி, அம்முடிவின் வன்மையைக் குறைத்தனர். எனினும் ஒன்று தெளிவு: ஒரே நிரையில் 20 கிலோமீற்றர் வேகமும் 60 கிலோமீற்றர் வேகமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, அவ்விரண்டும் சந்திக்கும் இடமே இடர் பிறக்கும் இடம்.

அவ்விடத்திற் செய்ய வேண்டியது யாது? முன்னேசுவரத்துத் திருவிழாவிலே தேர் வீதிக்கு எழுந்தருளும் காட்சியைக் கண்டவர் நம்முட் பலர். தேர் நடுவீதியில் ஆறியசைந்து செல்கின்றது. எவரும் அதனை முந்த முயல்வதில்லை. எவரும் அதன் பின்னின்று ஹோர்ன் ஒலிப்பதுமில்லை. அது இறைவனின் வாகனம். நடுவீதி அதற்கே உரியது. ஆனால் ஏனைய நாட்களில் நடுவீதியில் அவ்வாறு ஊர்ந்து செல்லும் உரிமை நம்மில் எவர்க்கும் இல்லை. மெல்லச் செல்லும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அவ்வுரிமை வீதியின் இடப்புறத்தில் இருக்கின்றது. இவ்வுண்மையை ஒருபுறத்தார் மறந்து நடுவிலே ஊர்கின்றனர். அவ்வுரிமையையே மறுபுறத்தார் மறுத்துப் பின்னின்று விரட்டுகின்றனர்.

விரைவோர் ஒரு சிறு கணக்கைச் சிந்திக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் லொறியை 60 கிலோமீற்றர் வேகத்தில் முந்துவதாகக் கொள்வோம். பின்னால் விடும் இடைவெளி, லொறியின் நீளம், முன்னால் விட வேண்டிய இடைவெளி யாவும் சேர்த்து 40 மீற்றர் கூடுதலாகக் கடக்க 7 செக்கனுக்கு மேற் செல்லும். அதற்குள் நமது வண்டி 120 மீற்றர் ஓடிவிடும். எதிரே அதே வேகத்தில் வருபவரும் 120 மீற்றர் ஓடி வந்துவிடுவார். ஆகவே 240 மீற்றர் வெறுமையாகத் தெரிந்தாலன்றி முந்துதல் ஆகாது. பாலத்தருகிலும் வளைவிலும் அத்துணைத் தூரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அத்தகைய இடங்களில் வீதியின் நடுவே தொடர்கோடு இடப்பட்டிருப்பது அழகுக்காக அன்று. இனி, 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் உழவு இயந்திரத்தின் பின்னே ஒரு கிலோமீற்றர் தூரம் பொறுத்துச் சென்றால் நாம் இழப்பது எவ்வளவு? இரண்டு நிமிடம். அவ்விரண்டு நிமிடத்தை மீட்பதற்கே நம்மிற் பலர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். அது நம்முயிர் மட்டுமன்று.

இதனைப் பிறர்க்கு உபதேசிக்கும் தகுதி எமக்கு முழுதும் உண்டென்று சொல்ல மாட்டோம். சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து மாலைப்பொழுதொன்றிலே, உடப்புத் திரௌபதையம்மன் கோயில் தீமிதி விழாவுக்காகக் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பத்துளு ஓயாவை அணுகுகையில், பின்விளக்கு எரியாத உழவு இயந்திரமொன்று நடுவீதியில் ஊர்ந்துகொண்டிருந்தது. பொறுமையிழந்து நெடுநேரம் ஹோர்ன் ஒலித்தோம். திடுக்கிட்ட சாரதி இயந்திரத்தை இடப்புறம் வெடுக்கெனத் திருப்பினார். அவ்வோரமாகத் துவிச்சக்கர வண்டியில் வந்துகொண்டிருந்த மாணவனொருவன் வீதியை விட்டு இறங்கிப் பள்ளத்தில் வீழ்ந்தான். நல்வினைப் பயனாகச் சிராய்ப்புகளோடு எழுந்து நின்றான். யாம் இறங்கி ஓடினோம். சாரதியும் இறங்கி வந்தார். யாம் படித்த காலத்திலே விளையாட்டு மைதானத்துக்குக் கூலி வாங்காது மணலேற்றிக் கொட்டிய பெரியவர் அவர். எம்மை அடையாளங்கண்டு, “தம்பி, நீங்களோ! பின்லைற் எரியாதது என்ர பிழைதான். ஆனால் இந்தப் பிள்ளை வாறதை நீங்கள் பார்த்திருக்கலாம்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. மறுமொழி கூற எமக்கும் வாய் எழவில்லை.

அன்று யாம் உணர்ந்தது இது. கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் தொழில் புரிந்து, விழாவுக்கும் விடுமுறைக்கும் காரிலே ஊர் திரும்பும் பழைய மாணவராகிய நாம், “வழிவிடத் தெரியாதவர்” என்று கடிந்துகொள்வது யாரை? வலையும் உப்பும் விறகும் ஏற்றிப் பிழைக்கும் நம் தந்தையரையும் தமையன்மாரையும் அல்லவா? இக்கல்லூரியின் சுவர்கள் அவர்களின் உழைப்பாலும் எழுந்தவை. அவர்களைப் பின்னின்று விரட்டுதற்கோ நாம் கற்றோம்?

எனினும் அப்பெரியவர் தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்டதையும் மறத்தலாகாது. மாட்டு வண்டிற் காலத்தில், இரவிலே புறப்படுவோர் வண்டிலின் அடியில் லாந்தர் கட்டித் தொங்கவிடுவர். பின்வருவோன் தன்னைக் காண வேண்டும் என்னும் கருத்து அன்றே இருந்தது. இன்று உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டிக்கு விளக்கும் ஒளிதெறிக்கும் தகடும் இல்லாதிருப்பது அம்மரபுக்கு இழுக்கு. மெல்லச் செல்வோர் இடப்புறம் ஒதுங்கிச் செல்க. பின்னே வண்டிகள் நிரையாய்ச் சேர்ந்துவிட்டால், அகன்ற இடம் கண்டு சற்றே நின்று அவற்றைப் போகவிடுக. ஒருவர் முந்தும்போது தம் வேகத்தைக் கூட்டாதிருக்க; அது மெல்லச் செல்வோர் செய்யும் பிழைகளுள் மிகக் கொடியது. பஸ் வண்டி ஆளேற்ற நிற்குங்கால், வீதியை விட்டு முழுதும் ஒதுங்கி நிற்க. துவிச்சக்கர வண்டியிற் செல்லும் மாணவர் இருவர் மூவராய் அணிவகுத்துச் செல்லாது ஒருவர்பின் ஒருவராய்ச் செல்க. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட கற்பிட்டி வீதியிலே சோளகக் காற்று பலமாக வீசும் மாதங்களில், அவ்வண்டிகள் பக்கவாட்டிலே தள்ளப்படும் என்பதை அவற்றைக் கடக்கும் கார்ச் சாரதிகளும் நினைவிற் கொள்க.

நிரையொழுக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 2013இல் திறக்கப்பட்ட கொழும்பு – கட்டுநாயக்கா அதிவேக வீதி வழியாக நம்மவர் பலர் ஊருக்கு வருகின்றனர். அங்கே ஒரு திசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிரைகள் உள. வலப்புற நிரை முந்துவதற்கு உரியது; முந்தியபின் இடப்புறம் மீளல் வேண்டும். சிலரோ வலப்புறத்திலேயே குடியிருந்துவிடுகின்றனர். பின்வருவோர் இடப்புறத்தால் முந்தத் தலைப்படுகின்றனர். முன்னவர் செய்யும் சிறு பிழை பின்னவரைப் பெரும்பிழைக்குத் தூண்டுகின்றது. நம் கல்லூரியின் மெய்வல்லுநர் போட்டியிலே சுண்ணாம்புக் கோட்டைக் கடந்து பிறன் நிரையிற் புகுந்தவன் எத்துணை விரைவாக ஓடினும் வெற்றி பெற்றவனாகான். மைதானத்திற் கற்ற அவ்விதியை வீதிக்கு எடுத்துச் செல்லாதவர் அதனை முழுதும் கற்றவராகார்.

சாரதிகள் தம்முட் பேசிக்கொள்ளும் மொழி விளக்குகளின் மொழி. முன்விளக்கை ஒரு கணம் மின்னவிடுதல் இங்கிலாந்திலே பெரும்பாலும் “நீர் முதலிற் செல்க” என்று பொருள்படும். நம் நாட்டிலோ “யான் வருகின்றேன், விலகி நில்” என்றே பொருள்படுகின்றது. ஒரே ஒளி அங்கே உபசாரமாகவும் இங்கே அதிகாரமாகவும் இருப்பது நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும். ஆயினும் நம் வீதிகளில் உபசாரம் அறவே இல்லையெனல் பொய்யாகும். முன்வழி வெறுமையாயிருப்பதைக் கண்டு, இடப்புறச் சமிக்ஞை விளக்கை ஒளிரவிட்டு, “முந்திச் செல்லலாம்” என்று பின்வருவோர்க்கு உணர்த்தும் லொறிச் சாரதிகளை யாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அவர் குறிப்பை ஏற்பவர் தம் கண்ணாலும் வழியை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது உண்மையே. ஆனால் முன்பின் அறியாத ஒருவரின் பாதுகாப்புக்காகத் தாம் பார்த்துச் சொல்லும் அவ்வுள்ளம் போற்றத்தக்கது.

சட்டம் நமக்கு இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் எழுந்த பிரமாணங்களும் உள. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் பொலிசார் நிற்க முடியாது. பொலிசார் இல்லாத இடத்திலே வீதியைக் காப்பது பழக்கம். பழக்கத்தை ஊட்டுமிடம் வீடும் கல்லூரியும். ஆகவே இரு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். பழைய மாணவர் சங்கம் இவ்விழாவாண்டின் நினைவாக, மாணவரின் துவிச்சக்கர வண்டிகளுக்கும், விரும்பும் ஊரவரின் இழுவைப் பெட்டிகளுக்கும் ஒளிதெறிக்கும் தகடுகளைப் பொருத்திக் கொடுக்கலாம். அதற்கு வேண்டும் பொருள் ஒரு விருந்தின் செலவினும் மிகாது. உயர்தர வகுப்பு மாணவர் சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் வயதை அடையுமுன், வழிவிடுதலும் முந்துதலும் பற்றி ஆசிரியர் சில மணி நேரமாவது அவர்க்குக் கற்பிக்கலாம்.

மூன்றாவது கோரிக்கை எவரிடமும் விடுப்பதற்கன்று; எமக்கு யாமே விதித்துக்கொண்டது. இவ்விழா முடிந்து திரும்புகையில் எம் முன்னே உழவு இயந்திரமொன்று சென்றால், வழி தெளியும் வரை ஹோர்னிற் கை வையாது அதன் பின்னே செல்வோம். அதனைச் செலுத்துபவர் யாரென்று முகத்தைக் கண்ட பின்னர் மரியாதை செய்வது எளிது. முதுகை மட்டுமே காணும்போது செய்வதே பண்பு. இவ்விழாவுக்கு வந்து மீளும் அன்பர் யாவரும் நலமே வீடு சேர்க என வாழ்த்தி அமைகின்றோம்.