ஓட்டை பெருத்தால் பேஸ் பெருக்காது

இரவு பத்து மணிக்கு மேல், குவார் செம்பெடாக்கிலிருந்து யானுக்கு வரும் வயல்வெளிச் சாலையில் ஒரு பழைய புரோட்டோன் வீரா கடந்து போகும். பாட்டு காதுக்கு எட்டுமுன் நம்பர் பிளேட் அதிரும் சத்தம் எட்டிவிடும். கொஞ்சம் நின்று கேளுங்கள். உறுமி மேளமோ குத்துப்பாட்டோ மெலடியோ, எதுவானாலும் அடியில் ஒரே ‘தும்’, ஒரே சுருதி. இதைத்தான் நம் பையன்கள் பேஸ் என்கிறார்கள்.

ஸ்பீக்கர் மேல் பழியில்லை. தோட்டம், டவுன் என்று பார்க்காமல் பரவிக் கிடக்கும் ஒரு நம்பிக்கைதான் குற்றவாளி. பாக்ஸுக்குள் சத்தம் அடைபட்டுக் கிடக்கிறதாம். ஓட்டை போட்டால் வெளியே வருமாம், ஓட்டை பெரிதானால் இன்னும் வருமாம். ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிற கணக்கு. முழுத் தவறு.

பொங்கலுக்கு வாங்கிய மண்பானை வீட்டில் இருந்தால் எடுத்து, பக்கத்தில் தட்டிக்கொண்டே அதன் வாயை உள்ளங்கையால் பாதி மூடுங்கள். ஓசை கீழே இறங்கும். கையை எடுங்கள், ஏறும். கடம் வாசிப்பவர் வாயை வயிற்றோடு அணைத்து விளையாடுவதும் இந்த வித்தைதான். பானைக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங். வாயில் நிற்கும் காற்று அதில் தொங்கும் எடை. வாய் அகன்றால் சுருதி ஏறும், கழுத்து நீண்டால் இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கணக்காக எழுதிவிட்டார். ஸ்பீக்கர் பெட்டிக்கு இதைப் பயன்படுத்தி 1932இல் பெல் ஆய்வகத்தின் தூராஸ் காப்புரிமையே வாங்கிவிட்டார். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெட்டி, என்ன சுருதி என்று ஆஸ்திரேலியாவின் தீல் 1961இல் வழி காட்டினார். நாம் இன்னும் ஜிக்சாவை வைத்துக்கொண்டு கண்ணளவில் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

50 லிட்டர் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க 100 சதுர செ.மீ. வாய் வைத்தால், உள்ளே சுமார் 40 செ.மீ. நீளக் குழாய் ஓட வேண்டும். குழாயும் ஸ்பீக்கரும் அடைக்கும் இடத்தைக் கழித்த பிறகு நிற்கிற 50 லிட்டர் இது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதே குழாயில் வாயை மட்டும் இரண்டு மடங்காக்கினால் சுருதி 48க்கு ஓடிவிடும். 35ஐ விடாமல் பிடிக்கக் குழாய் 85 செ.மீ.க்கு மேல் நீள வேண்டும். குழாயே இல்லாமல் 18 மி.மீ. பலகையில் வெறும் ஓட்டை போட்டால்? 70ஐத் தாண்டும். அந்த வீராவின் ‘தும்’ இதுதான்.

சத்தம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த ஒரு சுருதியில் மட்டும். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அது வரும்போது பெட்டி கைவிட்டுவிடும். சுருதிக்குக் கீழே போனால் உள்காற்று ஸ்பிரிங்காக நிற்காது, ஓட்டை வழியே சும்மா போய்வரும். ஸ்பீக்கர் கோனைப் பிடிக்க ஆளில்லை.

இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். டவுனில் ஒரு கடையில் செய்த பெட்டி. விரல் கனத்துக்கு சிலிக்கோன், கார்ப்பெட் ஒட்டி அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரின் காயில் உரச ஆரம்பித்தது. கோனை விரலால் மெல்ல அழுத்தினால் மணல் தாளில் தேய்க்கிற சத்தம். கொண்டுபோய்க் காட்டினேன். “ஸ்பீக்கர் மட்டமான சரக்குண்ணே, நல்லதா ஒண்ணு போட்டு ஓட்டையையும் கொஞ்சம் பெருசாக்கிடுவோம்” என்றார் கடைக்காரர்.

போன வாரம் அக்கா மகனை உட்கார வைத்து இவ்வளவும் சொன்னேன். குழாயை ‘ட’ போல மடக்கிப் பெட்டியின் சுவரோரம் ஓட்டலாம் என்று தாளில் வரைந்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டுபோய்க் காரின் பூட்டை அளந்துவிட்டு வந்து நின்றான்.

“85தான் வேணும் மாமா. ஸ்பேர் டயரை எடுத்துடலாமா?”